ஒரே வீட்டில் இரண்டு பெட்டை நாய்கள்: பிரித்து வைப்பதா, பழக்கிச் சேர்ப்பதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டில் ஒரு போயர்போயல் (பெரிய உடம்புக் காவல் நாய்) கலப்பும் ஒரு ஆஃப்ரிகானிஸும் (இந்த ஊர் நாட்டு நாய்) இருக்கின்றன, இரண்டும் பெட்டை. ஒரே சாக்கில் தூங்கியவை, போன தீபாவளி இரவு வெடிச் சத்தத்துக்கு வாசல் கேட் பக்கத்தில் நின்று குரைத்துக்கொண்டிருந்தபோது சட்டென்று ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. வெளியே காட்ட முடியாத ஆத்திரம் பக்கத்தில் நிற்பதன்மேல் திரும்புவது நாய்களிடம் உண்டு.

"அதுங்களே தீர்த்துக்கட்டும், விடு" என்றார் பக்கத்து வீட்டு மாமா. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஒரே வீட்டுப் பெட்டைகளுக்குள் வரும் சண்டைதான் பெரும்பாலும் மோசமாகப் போகும், ஒவ்வொரு கடியும் அடுத்ததைச் சுலபமாக்கும். விலக்கக் கையை நடுவில் விடாதீர்கள். தண்ணீர்க் குழாய், கனத்த போர்வை, பலகை எதுவானாலும் சரி.

கருத்தடை? ஆண் நாய்கள் இரண்டு மோதினால் ஓரளவு உதவலாம், அதுவும் ஹார்மோன் அடங்கச் சில வாரம் பிடிக்கும். பெட்டைகளுக்கு அதை நம்பி இருக்க முடியாது.

பிரித்து வைப்பதில் பெரிய பலம், முதல் நாளிலிருந்தே காயம் இல்லை. திருடனுக்குப் பயந்து வீட்டுக்குள் அறைகளுக்கு நடுவே உள்ள நடைபாதையில் போட்ட இரும்புக் கேட் இங்கே நன்றாகவே உதவும், ஒன்று உள்ளே என்றால் மற்றது பின்முற்றத்தில், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவோம். ஆனால் அது தீர்வு இல்லை, காவல்தான், ஒருநாள் பிள்ளைகள் தாழ்ப்பாள் போட மறந்தால் போச்சு, வீடே எப்போதும் கவனத்தில் இருந்து களைத்துவிடும்.

பழக்கிச் சேர்ப்பது மெதுவானது. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், மூட்டுவலியோ காதுவலியோ இருக்கும் நாய் எதற்கும் பாயும். அப்புறம் கூடை மாதிரி இருக்கும் வாய்க்கூட்டைத் தீனி கொடுத்தே பழக்குங்கள். துணியால் வாயை இறுக்குவது வேண்டாம், டர்பன் புழுக்கத்தில் நாக்கை நீட்டி மூச்சு வாங்க முடியாமல் நாய் சுருண்டுவிடும். பிறகு இரண்டு பேர், இரண்டு கயிறு, தெருவின் இரண்டு ஓரம், ஒரே திசையில் நடை. உடம்பு விறைத்து ஒன்று மற்றதை முறைத்தால் இடைவெளியைக் கூட்ட வேண்டும், திட்டுவதோ அடிப்பதோ பயத்தைத்தான் வளர்க்கும். தட்டும் எலும்பும் எப்போதும் தனித்தனி.

என்னைக் கேட்டால் முதலில் சில வாரம் பிரித்து வையுங்கள், பதற்றம் இறங்கியபின் நடையைத் தொடங்குங்கள். எடையில் பாதிகூட இல்லாத நாய் மறுபக்கம் இருந்தால் வீட்டுக்குள் ஒன்றாக விட நான் துணியமாட்டேன். எங்களுடையவை இப்போது மாலையில் நாலடி இடைவெளியில் நடக்கின்றன, ஆனாலும் வீட்டுக்குள் இருக்கும் அந்த இரும்புக் கேட் பூட்டியேதான் இருக்கிறது. நவம்பர் 5 அன்று 'கை ஃபாக்ஸ்' என்ற ஆங்கிலேய வழக்க நாளில் போடும் வெடிக்கு இரண்டும் தனித்தனி அறையில்.