ஸ்டேப்ளரில் பட்ரஸ் மாட்டுவது: ஜெல், உறை, அப்ளிகேட்டர், ரெடிமேட் ரீலோடு – எது தேவலை?

பட்ரஸ், அதாவது அறுவை ஸ்டேப்ளரின் பின்னோடு சேர்த்து அடிக்கும் பலப்படுத்தும் பட்டை, வாங்கலாமா என்று பேச்சு எடுத்தாலே எல்லாரும் பொருளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். மாட்டுத் திசுவா, செயற்கை இழையா, எத்தனை மாதத்தில் கரையும், என்ன விலை. கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் தொல்லை கொடுப்பது பெரும்பாலும் வேறு இரண்டு விஷயங்கள்: அந்தப் பட்டை ஸ்டேப்ளரின் தாடையில் எப்படி நிற்கிறது, ஃபயர் பண்ணியதும், அதாவது பின் அடித்ததும், எப்படி விடுகிறது. நான் ஒப்பிடப்போவது அதை வைத்துத்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். நுரையீரலையோ இரைப்பையையோ குடலையோ வெட்டும்போது, லீனியர் ஸ்டேப்ளர் வெட்டுக்கோட்டின் இரண்டு பக்கமும் வரிசை வரிசையாக டைட்டானியம் பின் அடித்துக்கொண்டே நடுவில் கத்தியை ஓட்டும். திசு மெல்லியதாகவோ நைந்தோ இருந்தால் பின் குத்திய ஓட்டை வழியே ரத்தமோ காற்றோ கசியும். அதற்குத்தான் இரண்டு தாடையிலும் ஒரு பட்டையை வைத்து, பட்டை, திசு, பட்டை என்று சேர்த்து அடிப்பது. இந்த யோசனையைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் இருந்த டாக்டர் ஜோயல் கூப்பர். எம்ஃபிசீமா (நுரையீரலின் காற்றறைகள் சிதையும் நோய்) வந்து காகிதமாய் மெலிந்துபோன நுரையீரலில் காற்றுக் கசிவைக் குறைக்க மாட்டின் இதய உறைப் பட்டையைப் பயன்படுத்தி 1994இல் எழுதினார்.

அந்த வழியில் வந்ததுதான் பெரி-ஸ்ட்ரிப்ஸ். பழைய முறையில் தாடையில் ஜெல் தடவிப் பட்டையை அழுத்தி ஒட்ட வேண்டும். நெஞ்சைத் திறந்து செய்யும் அறுவையில் இது போதும், கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, கையால் சரிசெய்துகொள்ளலாம். சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில்தான் சிக்கல், ஏனென்றால் குறுகலான போர்ட்டுக்குள் (கருவி நுழையும் குழாய்) உரசிக்கொண்டு போய், ஈரத்தில் நனைந்து, சர்ஜன் ஒருமுறை கவ்விப் பார்த்து “கொஞ்சம் மேலே போகலாம்” என்று திறந்து மறுபடி கவ்வுவதற்குள் பட்டை ஒரு பக்கமாக நழுவியிருக்கும். பெரி-ஸ்ட்ரிப்ஸில் பின்னால் வந்த ஒரு வகையில் ஜெல் வேலை இல்லை, ஆனாலும் பிடிமானம் பசையை நம்பித்தான். இன்னொன்று, இது மாட்டுத் திசு. நம் ஊரில் நோயாளியிடம் இதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குவது மரியாதை மட்டுமல்ல, கடமை. படிவத்தின் மூலையில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு நகர்வது சரியில்லை.

கோர் நிறுவனத்தின் சீம்கார்டு வேறு வழி. பாலிகிளைகாலிக் அமிலமும் டிரைமெத்திலீன் கார்பனேட்டும் கலந்த செயற்கை வலை, சுமார் ஆறு மாதத்தில் உடம்பில் கரைந்துவிடும். ஒட்டுவதே கிடையாது, பட்டை ஒரு உறையோடு சேர்ந்து வருகிறது, தலையணைக்கு உறை மாட்டுவது மாதிரி தாடையில் இழுத்துவிட வேண்டியதுதான். நூலை உருவினால் பட்டை உறையிலிருந்து விடுபடும். இந்த முறையில் எனக்குப் பிடித்தது, ஈரம் இதை அசைக்காது, கவ்வித் திறந்து மறுபடி கவ்வினாலும் இருந்த இடத்தில் இருக்கும். பிடிக்காதது நேரம். ஒவ்வொரு ரீலோடுக்கும் (ஒருமுறை அடிக்கும் பின்கள் உள்ள மாற்றுத் தொகுதி) ஸ்க்ரப் சிஸ்டர் இதைச் செய்ய வேண்டும், இரைப்பையைக் குழாய்போல் குறுக்கும் ஸ்லீவ் அறுவையில் ஐந்தாறு ரீலோடு சர்வசாதாரணம், இரண்டாவது ஃபயரில் ரத்தம் கசியும்போது எல்லார் கண்ணும் அவர் கைமேல்தான் இருக்கும். அப்புறம் உருவிய நூல், கழற்றிய உறை எல்லாம், உள்ளே எதுவும் விட்டுப்போகவில்லை என்று பார்க்கும் எண்ணிக்கையில் வர வேண்டும். ஸ்டேப்ளரின் நீளத்துக்கும் மாடலுக்கும் சரியான அளவைக் கையிருப்பில் வைப்பது ஸ்டோர்காரருக்குத் தனித் தலைவலி.

எத்திகான் இந்த நேரத்தைக் குறைக்கப் பார்த்திருக்கிறது. பாலிகிளாக்டின் வலையோடு பாலிடயாக்ஸனோன் சேர்ந்த பட்டை ஒரு அப்ளிகேட்டரில் உட்கார்ந்திருக்கும். ஸ்டேப்ளரை அதன்மேல் கவ்வித் திறந்தால் இரண்டு தாடையிலும் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். வேகம் என்று பார்த்தால் உறையை எளிதாக மிஞ்சிவிடும், ஆனால் இதுவும் பசைதான். திசுமேல் தாடையைத் தேய்த்து நகர்த்தும் பழக்கம் உள்ள சர்ஜன் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். எத்திகானின் எஷலான் ஸ்டேப்ளர் இருக்கும் தியேட்டருக்குத்தான் இது அர்த்தமுள்ள தேர்வு.

மெட்ட்ரானிக்கின் ட்ரை-ஸ்டேப்பிள் ரீஇன்ஃபோர்ஸ்டு ரீலோடில் மாட்டும் வேலையே இல்லை, பட்டை ஃபேக்டரியிலேயே பொருத்தி வருகிறது. இதன் பெரிய லாபம் நேரம் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்வார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது பருமன் கணக்கு. கார்ட்ரிட்ஜின் நிறம் பின்னின் உயரத்தைக் குறிக்கும்; வழக்கமான நீல கார்ட்ரிட்ஜில் 3.5 மில்லிமீட்டர் கால் உள்ள பின் மூடும்போது 1.5 மில்லிமீட்டருக்கு வருகிறது. அந்த இடைவெளிக்குள் திசுவோடு இரண்டு அடுக்குப் பட்டையும் அடங்க வேண்டும் என்பதை மறந்துவிட்டுப் பழைய நிறத்தையே போட்டால் பின் சரியாக மடங்காது, பலப்படுத்தப் போட்ட பட்டையே கோட்டைப் பலவீனமாக்கிவிடும். தனியாக மாட்டும் எந்த வகையிலும் இதை நாம்தான் யோசித்து ஒரு படி மேலே போக வேண்டும். ரெடிமேடில் பின்னின் உயரத்தைப் பட்டையோடு சேர்த்தே தீர்மானித்திருக்கிறார்கள். குறை என்னவென்றால் அந்தக் கம்பெனியின் கைப்பிடிக்குத்தான் பொருந்தும், பட்டை வேண்டாம் என்று நடுவில் முடிவுசெய்தால் சாதா ரீலோடையும் தனியாக வைத்திருக்க வேண்டும்.

ஆனால் ஃபேக்டரியில் மாட்டியது என்பதாலேயே கவலையில்லை என்று நினைக்க வேண்டாம். கோவிடியன் நிறுவனத்தின் டூயட் டிஆர்எஸ் இப்படிப் பட்டையோடு வந்த ரீலோடுதான். நெஞ்சறைக்குள் அது பக்கத்து உறுப்புகளைக் காயப்படுத்தக்கூடும் என்று 2012 ஜனவரியில் நெஞ்சு அறுவைகளுக்கு அதைத் திரும்பப் பெற்றார்கள். 13 பேருக்குக் கடுமையான காயம், 3 மரணம் என்று அப்போது அறிக்கைகள் வந்திருந்தன. மாட்டுவது எவ்வளவு சுலபமானாலும், விட்டுவிட்டு வந்த பட்டையின் விளிம்பு விரிந்து சுருங்கும் நுரையீரலுக்குப் பக்கத்தில் என்ன செய்யும் என்ற கேள்வி தனியாகத்தான் நிற்கிறது.

சரி, பட்ரஸே வேண்டாம், கோட்டின்மேல் தையல் போட்டுக்கொள்கிறேன் என்கிறவர்கள்? அவர்களை மட்டம் தட்ட முடியாது. ஸ்லீவ் அறுவை பற்றிய 2014 தொகுப்பாய்வில் லீக், அதாவது இரைப்பைக்குள் இருப்பது வெளியே கசிவது, கரையும் செயற்கைப் பட்டைக்கு 1.09 சதவீதம், மேல்தையலுக்கு 2.04, எதுவும் போடாததற்கு 2.60, மாட்டு இதய உறைக்கு 3.30 என்று வந்தது. இதை வைத்துத்தான் பலரும் வாதாடுகிறார்கள். ஆனால் அமெரிக்கப் பதிவேட்டில் சுமார் 1.9 லட்சம் அறுவைகளை அலசி 2016இல் வந்த கட்டுரையில், பட்ரஸ் போட்டவர்களுக்கு ரத்தக்கசிவு குறைவாகவும் லீக் சற்று அதிகமாகவும் இருந்தது. ஆகவே “லீக்கே வராது” என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். ரத்தக்கசிவைக் குறைக்கும் என்று சொன்னால் காது கொடுக்கலாம்.

என் தேர்வு: லேப்ராஸ்கோப்பி அதிகமாக, ஒரே கம்பெனி ஸ்டேப்ளரோடு ஓடும் தியேட்டர் என்றால் அந்தக் கம்பெனியின் ரெடிமேடோ அப்ளிகேட்டரோ. பல மாடல் புழங்கும் இடத்தில், பழகிய சிஸ்டர் இருந்தால், உறை. பசையை மட்டும் நம்பிய பட்டையைத் திறந்த அறுவைக்கு வைத்துக்கொள்வேன். டெமோவுக்கு வருபவரிடம் மேசைமேல் காய்ந்த பஞ்சைக் கவ்விக் காட்டச் சொல்லாதீர்கள். தாடையைச் சலைனில் நனைத்து, போர்ட் வழியே விட்டு, இரண்டு தடவை கவ்வித் திறந்து, பட்டை நகர்ந்ததா என்று பார்த்துவிட்டு, அதற்கு அப்புறம் ஃபயர் பண்ணச் சொல்லுங்கள்.