கெக்கினா, சாண்ட்விச்சா? ரெண்டாவது மெட்டல் எங்க இருக்குன்னு எந்த கிறிஸ்டல் சொல்லும்

பாலிஆக்சோமெட்டலேட்ல, அதாவது டங்ஸ்டன், மாலிப்டினம் மாதிரி மெட்டலும் ஆக்சிஜனும் சேர்ந்த பெரிய அயனிக் கொத்துல, ரெண்டாவது மெட்டலைச் சேர்க்கப் போறவங்க முன்னாடி முக்கியமா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கெக்கின்ங்கிற வகைக் கொத்துல இருக்கிற 12 டங்ஸ்டன்ல ஒண்ணைக் கழட்டிட்டு அந்த ஓட்டையில கோபால்ட்டை வைக்கிறது. இன்னொண்ணு, 9 டங்ஸ்டன் உள்ள ரெண்டு துண்டுக்கு நடுவுல 4 கோபால்ட்டை வச்சு மூடுற சாண்ட்விச். செய்முறையில பெரிய வித்தியாசம் இல்ல, ரெண்டும் தண்ணியில பிஎச் பார்த்துப் பார்த்துப் பண்றதுதான். ஆனா கிறிஸ்டலை எக்ஸ்ரேல வச்சு எந்த அணு எங்க இருக்குன்னு பார்க்கும்போதுதான் ரெண்டும் வேற வேற ஜாதின்னு புரியும்.

கெக்கினை முதல்ல எடுத்துக்குவோம். 1933ல கெக்கின்ங்கிற விஞ்ஞானி பாஸ்போடங்ஸ்டிக் ஆசிடோட பவுடர் பேட்டர்னை (தூள்ல எக்ஸ்ரே சிதறுற கோலத்தை) மட்டும் வச்சே இந்த ஸ்ட்ரக்சரைக் கண்டுபிடிச்சார், இன்னிக்கும் அது எனக்கு ஆச்சரியம்தான். நடுவுல ஒரு பாஸ்பேட், அதைச் சுத்தி மூணு மூணா 4 கொத்து, மொத்தம் 12 ஆக்டஹெட்ரன் (ஒரு டங்ஸ்டனைச் சுத்தி 6 ஆக்சிஜன்), குறுக்களவு கிட்டத்தட்ட 1 நானோமீட்டர், பார்க்க உருண்டை மாதிரி. அந்த உருண்டைத்தனம்தான் பிரச்சனையே. 12 இடமும் ஒரே மாதிரி இருக்கிறதால கோபால்ட் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் லேட்டிஸுக்கு, அதாவது கிறிஸ்டலோட அடுக்குக்கு, கவலை இல்ல, திரும்பத் திரும்ப வர்ற ஒவ்வொரு செல்லுலயும் ஒவ்வொரு பக்கமா உட்காரும், கடைசியில ரிஃபைன்மென்ட்ல (எக்ஸ்ரே அளவோட மாடலைப் பொருத்திப் பார்க்கிறதுல) உங்களுக்குக் கிடைக்கிறது 12 இடத்துலயும் 11 பங்கு டங்ஸ்டன், 1 பங்கு கோபால்ட்னு ஒரு சராசரி. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற ஆக்சிஜனும் கலந்துடும், டங்ஸ்டன்ல அது 1.7 ஆங்ஸ்ட்ராம் டபுள் பாண்டு, கோபால்ட்ல 2.1 பக்கம் ஒரு தண்ணி மூலக்கூறு, ரெண்டும் அணுவைக் காட்ட வரையுற ஒரே நீள்வட்டத்துக்குள்ள மறைஞ்சுடும். 10 மாலிப்டினம், 2 வனேடியம் உள்ள கெக்கின்னா இன்னும் கஷ்டம், வழக்கமான ஆல்ஃபா வடிவத்துலயே வனேடியம் உட்கார்ற இடத்தைப் பொறுத்து 5 ஐசோமர் வரலாம், கிறிஸ்டல் எல்லாத்தையும் ஒரே உருண்டையாத்தான் காட்டும். அங்க, அணுவோட அக்கம்பக்கத்தைக் காட்டுற வனேடியம் என்எம்ஆரும் பாஸ்பரஸ் என்எம்ஆரும் இல்லாம எதையும் நம்பாதீங்க.

சாண்ட்விச்ல இந்தத் தலைவலி ரொம்பக் குறைவு. 1973ல வீக்லி குழு போட்ட ஸ்ட்ரக்சர்ல 4 கோபால்ட்டும் ஒரே தளத்துல சாய்சதுரமா, ஓரத்தை ஓரம் பகிர்ந்துக்கிட்டு இருக்கும், வெளிப்பக்கம் இருக்கிற ரெண்டுலயும் ஒவ்வொரு தண்ணி. டங்ஸ்டனுக்கு 74 எலக்ட்ரான், கோபால்ட்டுக்கு 27, அதனால எலக்ட்ரான் அடர்த்தி மேப்ல பெரிய பீக், சின்ன பீக்னு கண்ணுக்கே தெரியும். முதல் தடவை அந்த 4 சின்ன பீக் தனியா வரிசையா நின்னதைப் பார்த்தப்ப எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2010ல இதையே தண்ணியிலிருந்து ஆக்சிஜன் எடுக்கிற கேட்டலிஸ்ட்னு ஹில் குழு எழுதினப்ப, கோபால்ட் எங்க இருக்குங்கிறதுல சந்தேகமே இல்லாததுதான் பெரிய பலம், அது கரைசல்ல அப்படியே நிலைக்குதாங்கிறதுதான் அப்புறம் வந்த விவாதம்.

சாண்ட்விச்சும் சுத்தமில்ல. நடுத் தளத்துல கோபால்ட்டுக்குப் பதிலா ஒரு டங்ஸ்டனும் ஜிங்க்கும் உட்கார்ற வகையில அங்கயும் இடம் மாறுற குழப்பம் வரும். சுத்தி சோடியம், பொட்டாசியம், தண்ணின்னு நிறைய அரைகுறை ஆக்குபன்சி (ஒரு இடம் எவ்வளவு பங்கு நிரம்பியிருக்குங்கிற அளவு). தாய்க்கரைசலை விட்டு வெளிய எடுத்தா தண்ணி போயி பளபளப்பு மங்கும், மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கும்போதே விரிசல் விடும், அதனால நேரா எண்ணெய்ல போட்டு, 100 கெல்வின் குளிர்ல வச்சிடணும்.

ஆண்டர்சன்ங்கிற இன்னொரு வகைக் கொத்து பத்தியும் ஒரு வார்த்தை. 6 மாலிப்டினம் வளையத்துக்கு நடுவுல ஒரே ஒரு குரோமியம், அந்த இடம் அதுக்குன்னே இருக்கிறதால சிக்கலே இல்ல. புதுசா கத்துக்கிறவங்க அங்கிருந்து ஆரம்பிங்க. டாசன்ங்கிற வகையில 18 மெட்டல், மூடியில 6, நடுப்பட்டையில 12னு ரெண்டு வகை இடம், ஆனா மூடியில வச்ச மெட்டலும் அந்த 6 இடத்துக்குள்ளயே சுத்தும்.

என் ஓட்டு சாண்ட்விச்சுக்கு. கெக்கின் பேப்பர்ல கோபால்ட்டை ஒரே ஒரு கலர் உருண்டையா அழகா வரைஞ்சிருந்தா, முதல்ல ஸ்ட்ரக்சர் விவரமெல்லாம் இருக்கிற சிஐஎஃப் ஃபைலைத் திறந்து ஆக்குபன்சி எண்களைப் பாருங்க, அங்க 0.083ன்னு, அதாவது 12ல 1 பங்குன்னு, இருந்தா அந்தப் படம் வரைஞ்சவங்க வசதிக்குப் போட்டது.