திறந்த பல்கலைக்கழகப் பட்டம்: வன்னியில் இருந்து படிக்கச் சரிவருமா?

உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி கேட்கமாட்டார்கள், வேலையையும் விடத் தேவையில்லை, நாற்பது வயதிலும் சேரலாம். 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பட்டம் மற்ற அரச பல்கலைக்கழகங்களின் பட்டத்துக்குச் சமம். உயர்தரம் சரிவராதவர்கள்கூட சில துறைகளில் அடிப்படைக் கற்கைநெறியை முடித்துவிட்டு உள்ளே வரலாம். பாடநூல்களும் தனியே இருந்து வாசிப்பவருக்கென்றே எழுதப்பட்டவை. ஆக, படிப்பு நல்லது. ஆட்கள் இடையில் விட்டுவிட்டுப் போவது வேறு காரணங்களால்.

முதற் காரணம் பதியும்போதே வருகிறது. ஒரு திறமைப்புள்ளி, அதாவது கிரெடிட், என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. நாட்டின் பொதுக் கணக்கே அதுதான். சாதாரணப் பட்டத்துக்கு 90, சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். வருடத்துக்கு 30 எடுத்தால் 1500 மணித்தியாலம், கிழமைக்கு ஏறத்தாழ 29. பாடசாலையிலோ பிரதேச செயலகத்திலோ வேலை பார்த்து, வீட்டுக்கு வந்து பிள்ளைகளையும் பார்க்கிறவருக்கு அது நடக்காது. கிழமைக்கு 14 மணித்தியாலம் ஒதுக்க முடிந்தால் வருடத்துக்கு 15 கிரெடிட் தாங்கும், 90ஐ முடிக்க ஆறு வருடம். “மூன்று வருடத்தில் பட்டம்” என்று கணக்குப் போட்டு முழுச் சுமையையும் ஏற்றுகிறவர்கள்தான் இரண்டாம் வருடத்தில் காணாமற்போகிறார்கள். வயல் உள்ளவர்கள் காலபோக அறுவடை வரும் தை, மாசியைக் கணக்கில் எடுக்காமல் பாடங்களைத் தெரிய வேண்டாம்.

அடுத்தது தொடர் மதிப்பீடு. ஆட்கள் இறுதிப் பரீட்சைக்குத்தான் பயப்படுகிறார்கள், ஆனால் கால் தடுக்குவது அதற்கு முன்னால். ஒப்படைகளிலும் இடைப் பரீட்சைகளிலும் சேர்த்துப் பொதுவாக 40 சதவீதமாவது எடுத்தால்தான் இறுதிப் பரீட்சைக்குத் தகுதி. இல்லையென்றால் அந்தப் பாடத்தை மறுபடி பதிந்து, மறுபடி காசு கட்ட வேண்டும். எத்தனை இடைப் பரீட்சை, அதில் எது கட்டாயம் என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், பாட விளக்கக் கையேட்டில் எழுதியிருக்கும். கையேடு கைக்கு வந்த அன்றே திகதிகளைக் கலண்டரில் குறித்துவிட்டு, மேலதிகாரியிடம் லீவும் சொல்லிவைப்பது நல்லது. ஒப்படையைக் கடைசி இரவில் இணையத்தில் ஏற்றலாம் என்று வைத்திருந்தால் சிக்னலும் கரண்டும் அன்றைக்கென்று பார்த்துக் கைவிடும்.

வகுப்பும் பரீட்சையும் பல்கலைக்கழகத்தின் எந்த ஊர் நிலையத்தில் என்பதை றோட்டைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கிளிநொச்சியில் இருப்பவருக்கு வவுனியாவும் யாழ்ப்பாணமும் பெரிய வித்தியாசமில்லை, ஏ9இல் வடக்கே ஏறுவதா தெற்கே இறங்குவதா என்பதுதான். புதுக்குடியிருப்புக்காரர் பரந்தன் வழியாக யாழ்ப்பாணம் போகலாம். நெடுங்கேணி, ஓமந்தை, செட்டிகுளம் பக்கத்தாருக்கு வவுனியா கிட்ட. ஆனால் கிட்ட இருப்பது மட்டும் போதாது. சிறிய நிலையத்தில் எல்லாப் பாடத்துக்கும் வகுப்பு வைக்கமாட்டார்கள், கொக்குவிலில் உள்ள யாழ்ப்பாணப் பிராந்திய நிலையத்தில் வசதி கூட. எடுக்கப்போகும் பாடக் குறியீடுகளை எழுதிக்கொண்டுபோய், ஒவ்வொன்றுக்கும் வகுப்பு எங்கே, பரீட்சை எங்கே என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள். விஞ்ஞானம், பொறியியல் படிக்கிறவர்கள் ஆய்வுகூடப் பயிற்சிக்கான பஸ் காசையும் கட்டணத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மொழிமூலம் பெரிய பொறி. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தமிழில் படிக்கலாம். ஆசிரியர்கள் அதை நம்பிச் சேர்வதில் பிழையில்லை. விஞ்ஞானமாணியும் பொறியியலும் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலம் தட்டுப்படுகிறவர் முதல் வருடத்தில் பாடத்தைக் குறைத்து, மொழிக்கு நேரம் கொடுத்தால் பிழைக்கலாம்.

விண்ணப்பத்துக்கு முன் பத்திரங்களை ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். இடப்பெயர்வில் சான்றிதழ்களைத் தொலைத்தவர்கள் இங்கே நிறைய. உயர்தரப் பெறுபேற்றைப் பரீட்சைத் திணைக்களத்தில் மறுபடி எடுக்கலாம், பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தில். பெயர்தான் தலையிடி: அடையாள அட்டையில் ஒரு எழுத்து, உயர்தரச் சான்றிதழில் இன்னொரு எழுத்து, தகப்பன் பெயர் ஒன்றில் முன்னால், மற்றதில் முதலெழுத்து மட்டும். சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து விண்ணப்பத்தோடு கொண்டுபோங்கள். பதிவில் ஏறிய பெயரைப் பிறகு மாற்றப் போனால் நாவலையில் உள்ள தலைமையகத்துக்கும் வீட்டுக்குமாக அலைய வேண்டிவரும்.