ராடு கிட்டா, முழு கிராங்கா? டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக்குக்கு எது சரி

சிலிண்டரைக் கழற்றிவிட்டு, பிஸ்டனை மேலே நிறுத்தி, பிஸ்டனையும் கிராங்க் என்கிற சுழல் தண்டையும் இணைக்கும் ராடைப் பிடித்து நேராக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. மேல் கீழாக ‘டிக்’ என்று ஒரு ஆட்டம் கையில் தட்டினால் பிக் எண்ட், அதாவது ராடின் கீழ் முனைப் பேரிங், போய்விட்டது. அப்போது இருப்பது இரண்டு வழி: பழைய கிராங்கைப் பிரித்து ராடு, கிராங்க் பின், நீடில் பேரிங், வாஷர் அடங்கிய ராடு கிட்டைப் போடுவது, அல்லது கிராங்கையே முழுசாக மாற்றுவது. என் 250 சிசி பைக்குக்கு நான் ராடு கிட் போட்டேன். அடுத்த முறையும் பெரும்பாலும் அதைத்தான் செய்வேன், ஒரு நிபந்தனையோடு.

எந்த வழியில் போனாலும் எஞ்சின் கேஸைப் பிரித்தாக வேண்டும். மெயின் பேரிங், கிராங்க் சீல், கேஸ்கெட் எல்லாம் புதிதுதான், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். இக்னிஷன் பக்க சீல் காற்றை உள்ளே விட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து (லீன் ஆகி) பிஸ்டன் இறுகிச் சீஸ் ஆகும். கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலைக் குடித்து வெள்ளைப் புகை கக்கும்.

முழு கிராங்கின் வசதி சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டியைப் பிரித்தால் வேலை முடிந்த மாதிரி. பழையதில் ஃப்ளைவீல் உட்காரும் கூம்பு முனை (டேப்பர்) அரைபட்டிருந்தாலோ, பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தாலோ, சீல் ஓடும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தாலோ பேச்சே இல்லை, புதுசுதான். ஆனால் வெளிக் கம்பெனி கிராங்கில் பேலன்ஸ் ஒரிஜினல் மாதிரியே இருக்கும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் மாறினாலும் ஹேண்டில்பாரில் அதிர்வு தெரியும். ராடு கிட் போட்டால் கம்பெனியிலிருந்து வந்த அதே வெப், அதாவது ராடின் இருபுறமும் இருக்கும் கனமான வட்டத் தட்டு, அப்படியே இருக்கிறது. எனக்கு அது பெரிய விஷயம்.

இனி அந்த நிபந்தனை. கார் எஞ்சினில் ராடின் அடிப்பகுதி இரண்டாகப் பிரியும், போல்ட்டைக் கழற்றினால் போதும். இங்கே ராடு ஒரே துண்டு. இரண்டு வெப்பையும் நடுவில் ஒரு பின் இறுக்கிப் பிடித்திருக்கிறது. போல்ட் கிடையாது, சாவி கிடையாது, இறுக்கம் மட்டும்தான். ராடை மாற்ற ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அந்தப் பின்னைத் தள்ளி எடுத்து, புதியதை அழுத்தி ஏற்ற வேண்டும். ஏற்றும்போது ராடுக்கும் வெப்புக்கும் நடுவே ஃபீலர் கேஜ் வைத்து, மேனுவல் சொல்லும் இடைவெளியில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் பிக் எண்டுக்கு ஆயில் போக வழியிருக்காது.

அழுத்தி முடித்ததும் இரண்டு வெப்பும் தானாக நேர்கோட்டில் நிற்காது. கிராங்கை வி-பிளாக்கில் கிடத்தி, இரண்டு முனையிலும் டயல் கேஜ் வைத்து மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒரு பக்க முள் ஏறும்போது மறுபக்கம் இறங்கினால் வெப் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. உயர்ந்த இடத்தைக் குறித்து பித்தளைச் சுத்தியலால் ஓரத்தில் ஒரு தட்டு. இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால் வெப் விரிந்தோ நெருங்கியோ இருக்கிறது. ஆப்பு வைத்துப் பிரிக்க வேண்டும், இல்லை நெருக்க வேண்டும். தட்டு, சுற்று, பார், மறுபடி தட்டு. பல மேனுவல்களில் அவுட், அதாவது சுற்றும்போது முள் ஆடும் அளவு, 0.05 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. நான் 0.03-க்குள் வரும்வரை விடவில்லை. இது கோணலாக இருந்தால் புது மெயின் பேரிங் சீக்கிரமே இரைய ஆரம்பிக்கும், சீலும் தேயும்.

அதனால் ராடு கிட் வாங்குவதற்கு முன்பே, அதை அழுத்தித் தரப்போகிறவரிடம் இரண்டு முனை ரீடிங்கையும் எழுதித் தருவாரா என்று கேட்டுவிடுங்கள். ‘கண்ணால் பார்த்தே சரி பண்ணிடலாம்’ என்று பதில் வந்தால் உங்கள் கிராங்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். அப்படிப்பட்ட இடத்தில் முழு கிராங்குதான் சரி. அதையும் கேஜ் வைத்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள், புதுசு என்பதற்காக நேராக இருக்கும் என்றில்லை.

ஒவ்வொரு முறை பின் வெளியே வரும்போதும் வெப்பின் துளை கொஞ்சம் இளகும். ஒரிஜினல் வெப்பில் முதல் ராடு என்றால் தயங்காமல் போடுவேன். ஏற்கெனவே இரண்டு ராடு பார்த்த வெப் என்றால் முழு கிராங்குக்குப் போய்விடுவேன். 125-க்கு இதே தீர்ப்பை அழுத்திச் சொல்ல மாட்டேன். அது இன்னும் வேகமாகச் சுற்றும் எஞ்சின், என் அனுபவம் 250-இல் மட்டும்தான்.

அப்புறம், கிராங்கைக் கேஸில் இறக்கும்போது அடிக்காதீர்கள். கேஸைச் சூடாக்கி, கிராங்கை ஃப்ரீசரில் வைத்து, தேவைப்பட்டால் கிராங்க் புல்லரால் இழுத்து உட்கார வையுங்கள். சுத்தியலால் முனையில் ஓங்கி ஒரு அடி விழுந்தால் திருத்திய அவுட் திரும்ப வந்துவிடும், அதைத் தெரிந்துகொள்ள மறுபடி கேஸைப் பிரிக்க வேண்டும்.