ஆலையைப் பெருப்பிக்க எந்தச் சபை நல்லது?

கிளிநொச்சியில் ஊர்க்காரரோடு சேர்ந்து அரிசி ஆலை போட நினைக்கும் நண்பர் ஒருவர், கூட்டுறவாக நடத்தலாமா, கம்பனியாகப் பதியலாமா என்று கேட்டார். வரி, பதிவுச் செலவு எல்லாம் கணக்காளர் சொல்லுவார். நான் பார்ப்பது பணிப்பாளர் சபையை, ஏனென்றால் ஆலை வளருமா, எந்தப் பக்கம் வளரும் என்பதை அங்கே இருக்கிற நாலைந்து பேர்தான் தீர்மானிக்கப் போகிறார்கள்.

கூட்டுறவில் எத்தனை பங்கு இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. நல்ல விதிதான். ஆனால் சபையில் இருப்பவருக்கு அடுத்த சபைத் தெரிவு எப்போதும் கண்ணுக்குள் நிற்கும். நான் ஒரு சங்கத்தில் சில காலம் கூட்டறிக்கை எழுதினேன். புது இயந்திரம் பற்றிப் பேச்சு வந்த அன்று, "இப்ப கடனெண்டு போனா சனம் என்ன சொல்லும், தம்பி?" என்று ஒரு ஐயா கேட்டார், அவ்வளவுதான், மிச்ச நேரம் முழுக்கப் பொதுக்கூட்டத்துச் சாப்பாடு பற்றித்தான் பேச்சு. சரி, மறுபக்கமும் சொல்ல வேண்டும். காலபோக அறுவடை வந்ததும் அதே உறுப்பினர்கள் நெல்லைத் தாங்களே கொண்டுவந்து இறக்கினார்கள், காசு பத்து நாள் பிந்தியும் பொறுத்தார்கள். தனியார் ஆலைக்கு அந்தப் பொறுமை கிடைக்காது.

கம்பனி என்றால் வேகம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி தனியார் கம்பனிக்கு ஒரு பணிப்பாளரே போதும், அதனால் எனக்குத் தெரிந்த பல இடங்களில் சபை என்பது அப்பாவும் மகனும்தான். அப்படி ஒரு ஆலை டிசம்பரில் இருந்த காசையெல்லாம் நிறம் மாறிய அரிசியைப் பிரிக்கிற கலர் சோட்டர் இயந்திரத்துக்குக் கட்டிவிட்டு, பெப்ரவரியில் நெல் வாங்க வழியில்லாமல், ஏ9 ஓரத்தில் காயப்போட்ட நெல் வெளியூர் லொறிகளில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது. அறுவடைக்கு எவ்வளவு ஒதுக்கினாய் என்று கேட்க அந்தச் சபையில் ஆளில்லை. சட்டத்தில் பிரேக் இருக்கிறது: சொத்துப் பெறுமதியில் பாதிக்கு மேற்பட்ட கொடுக்கல் வாங்கலுக்குப் பங்காளரின் விசேட தீர்மானம் வேண்டும். ஆனால் பங்காளரும் அதே அப்பாவும் மகனும் என்றால் பிரேக் எங்கே பிடிக்கும்?

அதனால் நான் சொன்னது மூன்றாவது வழி: கம்பனியாகப் பதியுங்கள், சபையில் காசும் போடாத, சொந்தமும் இல்லாத ஒருவரை வையுங்கள். ஓய்வுபெற்ற வங்கிக்காரர் நல்லது, கமக்காரர் அமைப்பில் இருந்தவர் இன்னும் நல்லது. இரணைமடுக் குளத்தில் நிற்கிற தண்ணீரைப் பார்த்துத்தான் சிறுபோகம் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவாகும், அது தெரியாமல் ஆலையைப் பெருப்பித்தால் அரைக்க நெல் இருக்காது. கடன் எடுக்கிற பத்திரங்கள் அந்த வெளியாள் கைக்குக் கூட்டத்துக்கு ஒரு கிழமை முன்னமே போக வேண்டும். கையெழுத்து வைத்த பிறகு காட்டினால் அவர் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போவார்.

நண்பர் யோசித்துவிட்டு, "அப்ப மச்சானைப் போடுவமோ?" என்றார். மச்சான் வேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லியிருக்கிறேன்.