கடையில் டேட்டா மாற்றித் தருகிறோம் என்றால், பழைய போனை அன்றே கொடுத்துவிடாதீர்கள்

புது போன் வாங்கி இன்றோடு 41 நாள் ஆகிறது. வேலைக்காக வைத்திருக்கும் ஒரு கணக்குக்குள் இன்னும் என்னால் நுழைய முடியவில்லை. வாடிக்கையாளர்கள் துணி தைக்கக் கொடுத்த நான்கு மாதத்து அளவுகள் போனது போனதுதான். எனக்கு நடந்ததை முழுதாக எழுதுகிறேன். போன் மாற்றப் போகிறவர்கள், மாற்றித் தரச் சொல்லிக் கடைக்காரர் கையில் கொடுக்கப் போகிறவர்கள், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

நான் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். யாருக்கு அளவெடுத்தாலும் பெயர், தோள், மார்பு, கை நீளம் என்று வரிசையாக வாட்ஸ்அப்பில் எனக்கு நானே டைப் செய்து அனுப்பிக்கொள்வேன். தேடினால் ஒரு நொடியில் கிடைக்கும். தனியாக நோட்டு போட்டதில்லை.

பழைய போன் சூடாகி அடிக்கடி அணைந்துபோனதால் புதியது வாங்கப் போனேன். பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வதாகவும், உள்ளே இருப்பதை எல்லாம் இலவசமாகவே மாற்றித் தருவதாகவும் கடையில் சொன்னார்கள். கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “எல்லாம் அப்படியே வந்துடும் அக்கா, ஒரு மணி நேரம் உட்காருங்க” என்றான். முதலில் பேட்டர்ன் லாக்கைக் கேட்டான். அடுத்து ஜிமெயில் பாஸ்வேர்டு. கையளவு வெள்ளைத் தாளும் பேனாவும் என் பக்கம் நகர்த்தி, “இதுல எழுதிக் குடுத்துடுங்க” என்றான். எழுதிக் கொடுத்தேன். அதை வாங்கி ஒரு கிளிப்பில் செருகினான். அந்தக் கிளிப்பில் ஏற்கனவே அதே அளவில் பல தாள்கள் இருந்தன. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் புது போனைக் கையில் கொடுத்தான். திறந்து பார்த்தேன். படங்கள் இருந்தன, தொடர்பு எண்கள் இருந்தன, செயலிகளின் படங்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழைய போனில் இருப்பதையெல்லாம் அழித்து ரீசெட் செய்து, ஒரு உறையில் போட்டு, மேலே எண் எழுதி உள்ளே அனுப்பிவிட்டான். அந்த இடத்தில் ‘இருப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தேன். குழுக்களின் பெயர்கள் மட்டும் இருந்தன, உள்ளே ஒன்றுமில்லை. என் அளவுகள் இல்லை. வாடிக்கையாளர்கள் பேசியது எதுவும் இல்லை.

ஏன் இப்படி ஆனது என்பது புரியவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப், அதாவது உரையாடல்களின் காப்பு நகல், இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று கூகுள் கணக்கில். இன்னொன்று போனுக்குள்ளேயே, தினமும் அதிகாலை 2 மணிக்குத் தானாக எழுதப்படுவது. கூகுள் கணக்கில் இருப்பதைத் திரும்ப எடுக்க வேண்டுமானால், எந்தக் கணக்கில் பேக்கப் போட்டோமோ அதே கணக்கு புது போனிலும் இருக்க வேண்டும், எண்ணும் அதே எண்ணாக இருக்க வேண்டும். அந்தப் பையன் என் கணக்கைப் புது போனில் போடவே இல்லை. என்னைக் கேட்காமல் என் பெயருக்குப் பின்னால் நாலு எண்ணைச் சேர்த்து புதிதாக ஒரு ஜிமெயில் கணக்கு உருவாக்கி, அதை வைத்துப் போனைத் தொடங்கியிருக்கிறான். அதில் தேடினால் பேக்கப் எப்படிக் கிடைக்கும்? ‘இல்லை’ என்று வந்ததும் தவிர்த்துவிட்டு அடுத்த திரைக்குப் போயிருக்கிறான்.

என் பழைய கணக்கைப் போனில் சேர்த்து, வாட்ஸ்அப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். பேக்கப் கிடைத்தது. ஆனால் அதன் தேதி நான்கு மாதம் பழையது. கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் நிரம்பியிருந்தது. வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்த 15 ஜிபி கணக்கில்தான் வரும் என்பதால், அதற்குப் பின் ஒன்றுமே ஏறவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று அதிகாலை 2 மணி வரைக்குமான பேக்கப் முழுசாகப் பழைய போனுக்குள் இருந்தது. அதைத்தான் என் கண் முன்னாலேயே அழித்தார்கள்.

இரண்டு போனும் பக்கத்தில் இருந்திருந்தால் பேக்கப்பே தேவைப்பட்டிருக்காது. 2023-லிருந்து வாட்ஸ்அப்பிலேயே ஒரு வழி இருக்கிறது. பழைய போனில் அமைப்புகளுக்குள் போய் ‘உரையாடல்களை மாற்று’ என்பதைத் தொட்டு, புது போனில் வரும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால், எல்லாம் நேராக ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்விடும். இரண்டும் ஒரே வகைப் போனாக, ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டாக, அல்லது ஐபோனிலிருந்து ஐபோனாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த அடி ஆத்தென்டிகேட்டரில் விழுந்தது. சில கணக்குகளுக்குள் நுழையும்போது பாஸ்வேர்டுக்குப் பிறகு ஆறு இலக்க எண் கேட்குமே, 30 நொடிக்கு ஒருமுறை மாறுவது, அந்த எண்ணைக் காட்டும் செயலி. புது போனில் அதன் படம் அழகாக இருந்தது. தொட்டால் ‘கணக்கு ஒன்றைச் சேர்க்கவும்’ என்று வெறும் திரை. எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி போல இதை யாரும் வெளியிலிருந்து அனுப்புவதில்லை. முதன்முதலில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசிய எழுத்துத்தொடர் போனுக்குள் பதிகிறது. அதையும் நேரத்தையும் வைத்துப் போனே அந்த எண்ணைக் கணக்கிடுகிறது. போன் அழிந்தால் அந்த ரகசியமும் அழியும். கூகுள் ஆத்தென்டிகேட்டரில் அந்த ரகசியங்களைக் கூகுள் கணக்கிலும் சேமித்து ஒத்திசைக்கும் வசதி 2023 ஏப்ரலில் வந்தது. நான் அதற்கு முன்பே, கணக்கில் நுழையாமல் பயன்படுத்தத் தொடங்கியவள், அப்படியே விட்டிருந்தேன்.

எனக்கு அதில் இரண்டு கணக்குகள். ஒன்றுக்கு மட்டும், செயலி இல்லாதபோது நுழைய எப்போதோ அது கொடுத்த காப்புக் குறியீடுகளை அச்செடுத்து பீரோவில் வைத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் உள்ளே போய்விட்டேன். இன்னொன்றுக்கு எடுத்து வைக்கவில்லை. அடையாள ஆவணம் அனுப்பினேன், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதினேன், இன்னும் காத்திருக்கிறேன். ஒரு தாள் இருந்ததற்கும் இல்லாததற்கும் இதுதான் வித்தியாசம்.

மறுநாள் கடைக்குப் போனேன். பழைய போன் அன்றைக்கே வேறு இடத்துக்குப் போய்விட்டதாம். மேலாளர் பில்லைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று இருந்தது. இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று வாயால் சொன்னது பெரிய எழுத்தில், பொறுப்பல்ல என்பது பொடி எழுத்தில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பையன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தப் போன் திரும்பக் கிடைத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இப்போதைய போன்களில் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டிய வடிவில்தான் எழுதப்படுகிறது. ரீசெட் செய்யும்போது அந்தப் பூட்டின் சாவியையே போன் அழித்துவிடுகிறது. சாவி போனபின் மிச்சமிருப்பது யாராலும் படிக்க முடியாத குப்பை.

இது தெரியாமல் இரண்டாவது முறையும் ஏமாந்தேன். அழிந்த டேட்டாவை மீட்டுத் தருவதாக விளம்பரம் செய்திருந்த ஒருவரைக் கூப்பிட்டேன். பழைய போன் என்னிடம் இல்லை என்று முதலிலேயே சொன்னேன். “போனே தேவையில்லை மேடம், உங்க நம்பரை வச்சே சர்வர்ல இருந்து எடுத்துடலாம்” என்றார். முன்பணம் அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டு, “உங்களுக்கு வாட்ஸ்அப்ல இருந்து ஆறு இலக்க கோட் வரும், அதைச் சொல்லுங்க” என்றார். பக்கத்தில் இருந்த என் தங்கை மகள் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாள். அந்த எண்ணைச் சொல்லியிருந்தால் என் வாட்ஸ்அப் கணக்கு அவர் போனில் திறந்திருக்கும், என் பெயரில் என் வாடிக்கையாளர்களிடம் பணம் கேட்டிருப்பார். செய்தி போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப் அதைத் தன் சர்வரில் வைத்திருப்பதில்லை. ஆகவே ‘சர்வரில் இருந்து எடுக்கிறேன்’ என்று யார் சொன்னாலும் அது பொய். முன்பணம் திரும்ப வரவில்லை. அந்த எண் இப்போது எடுப்பதே இல்லை.

கடைப் பையன் உருவாக்கிய புது ஜிமெயில் கணக்கின் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நிறைய பேருக்கு நடக்கிறது, தெரியாமலே இருக்கிறார்கள். அதன் பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. கணக்கின் விவரங்களுக்குள் போய்ப் பார்த்தால், மீட்பு எண் (பாஸ்வேர்டு மறந்தால் கணக்கைத் திரும்பப் பெற உதவும் எண்) என்ற இடத்தில் எனக்குத் தெரியாத ஒரு மொபைல் எண். என் தொடர்புகள் அத்தனையும் அந்தக் கணக்கில் ஏறியிருந்தன. அதாவது என் வாடிக்கையாளர்கள், உறவினர்கள் எல்லாருடைய எண்களும் இன்னொருவர் திறக்கக்கூடிய கணக்கில். இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆண்ட்ராய்டு 5.1 முதல், அதாவது 2015 முதல், ஒரு பாதுகாப்பு இருக்கிறது. லாக்கை மறந்து, போனைத் திறக்காமலே வெளியிலிருந்து ரீசெட் செய்தால், அதில் இருந்த கூகுள் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். திருடனிடமிருந்து காப்பாற்ற வந்த பாதுகாப்பு அது. எனக்கே தெரியாத கணக்கு உள்ளே இருந்தால் நான்தான் வெளியே நிற்க வேண்டியிருக்கும். நான் செய்தது இது: முதலில் என் சொந்தக் கணக்கைச் சேர்த்தேன், தொடர்புகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து என் கணக்கில் இறக்கினேன், எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், அதன் பிறகே அந்தக் கணக்கைப் போனிலிருந்து நீக்கினேன். உங்கள் போனிலும் அமைப்புகளில் கணக்குகள் பகுதியைத் திறந்து, அங்கே இருப்பது உங்களுடையதுதானா என்று ஒருமுறை பாருங்கள்.

இனி நான் போன் மாற்றினால், பழையதைக் குறைந்தது இரண்டு வாரம் வீட்டில் வைத்திருப்பேன். பழைய போனுக்காக விலையில் கழிப்பது கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து, இரண்டையும் கேபிளால் இணைத்து, என் கணக்கை என் கையால் போட்டுத் தொடங்குவேன். வாட்ஸ்அப்பையும் ஆத்தென்டிகேட்டரையும் அந்தந்தச் செயலிக்குள் இருக்கும் மாற்றும் வசதியைக் கொண்டே மாற்றுவேன். ஆத்தென்டிகேட்டரில் ‘கணக்குகளை மாற்று’ என்று கொடுத்தால் அதுவே க்யூஆர் காட்டும். மாற்றியபின் புது போனில் வரும் எண்ணை வைத்து ஒவ்வொரு கணக்கிலும் ஒருமுறை நுழைந்து பார்ப்பேன். செயலியின் படம் வந்துவிட்டது என்பதை இனி நம்ப மாட்டேன். வங்கிச் செயலிகள் பெரும்பாலும் இப்படி மாறவே மாறாது, சிம்மைப் புது போனில் போட்டு மறுபடி பதிவு செய்ய வேண்டும். அது குறை இல்லை, நம் பணத்துக்கு அப்படித்தான் இருக்க வேண்டும். ஐபோன்காரர்களுக்கு ஒன்று: கணினியில் பேக்கப் எடுக்கும்போது ‘என்கிரிப்ட்’ (பூட்டிய வடிவில் சேமிப்பது) என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், சேமித்த பாஸ்வேர்டுகள் அந்த பேக்கப்பில் வராது.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு, பழைய போனிலிருந்து உங்கள் கணக்கை நீக்கி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, நீங்களே ரீசெட் செய்து கொடுங்கள். ஐபோனில் தொலைந்த போனைக் கண்டுபிடிக்க உதவும் ‘ஃபைண்ட் மை’யை அணைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது வாரம் என் கூகுள் கணக்கில் ‘உங்கள் சாதனங்கள்’ என்ற பக்கத்தைத் தற்செயலாகத் திறந்தேன். என் போன் இருந்தது. அதற்குக் கீழே ஒரு விண்டோஸ் கணினி. நான் கணினியே பயன்படுத்துவதில்லை. முதலில் நுழைந்த தேதி நான் போன் வாங்கிய அதே நாள். கடைக் கணினியில் என் கணக்கைத் திறந்திருக்கிறார்கள், வெளியேறவே இல்லை. 20 நாளுக்கு மேல் என் மின்னஞ்சல், என் குடும்பப் படங்கள், சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அங்கே திறந்து கிடந்திருக்கின்றன. அந்த நிமிடமே அதை வெளியேற்றிவிட்டுப் பாஸ்வேர்டை மாற்றினேன்.

பிறகு கடைக்குப் போய் நான் எழுதிக் கொடுத்த தாளைக் கேட்டேன். பையன் கிளிப்பை எடுத்துப் புரட்டினான். ஒவ்வொரு தாளிலும் ஒரு மின்னஞ்சல், ஒரு பாஸ்வேர்டு, சிலவற்றில் பேட்டர்ன் லாக்கைப் புள்ளி வைத்துக் கோடிழுத்தே காட்டியிருந்தார்கள். என் தாள் நடுவில் இருந்தது. அதை அங்கேயே கிழித்தேன். மற்றதையும் கிழித்துவிடு தம்பி என்றேன். “சரிக்கா” என்று சொல்லிவிட்டு, கிளிப்பை மேசைக்குள் வைத்து மூடினான்.

ஏதாவது ஒரு கடையில் நீங்களும் இப்படித் தாளில் எழுதிக் கொடுத்திருந்தால், இன்றே ‘உங்கள் சாதனங்கள்’ பக்கத்தைத் திறந்து தெரியாததை எல்லாம் வெளியேற்றுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்பதையும் பாருங்கள். வீட்டில் பெரியவர்களின் போனைக் கடையில் மாற்றியிருந்தால், அவர்களுக்கும் நீங்களே உட்கார்ந்து பார்த்துக் கொடுங்கள்.