பதினொரு மாதம் கிடங்கில் நின்ற கார்: நான்கு ஆண்டு ஓட்டிய பின்

வெளிநாட்டில் வேலை முடியும் தறுவாயில், வெகு நாளாக ஆசைப்பட்ட பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கினேன். இறக்குமதி அனுமதி கைக்கு வரப் பதினொரு மாதம் ஆயிற்று. அதுவரை கார் வாடகைக் கிடங்கில் நின்றது. இங்கே கொண்டுவந்து நான்கு ஆண்டு ஓட்டிவிட்டேன். இதுவரை நான் சரிசெய்த பழுதுகளில் பெரும்பாலானவை கடலில் வந்தவை அல்ல, நின்ற இடத்தில் வந்தவை.

முதலில் கை பிரேக். வழக்கம்போல் இழுத்துவிட்டுப் பூட்டினேன். கப்பலேற்றப் போனபோது பின்சக்கரங்கள் அசையவே இல்லை. பிரேக் கட்டைகள் துருப்பிடித்து, சக்கரத்தோடு சுழலும் டிரம்மில் ஒட்டிக்கொண்டிருந்தன. கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்திருந்தால் போதும்.

அடுத்தது எனக்கு இன்றும் வருத்தம் தருவது. கிடங்குக்காரர் மாதம் ஒருமுறை எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிடுவதாகச் சொன்னார். நன்றி சொல்லி ஒப்புக்கொண்டேன். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. ஐந்து நிமிடத்தில் எஞ்சின் முழுதாகச் சூடேறாததால் அந்த நீர் சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடுகிறது. இரண்டாம் ஆண்டிலேயே சைலன்சர் உள்ளிருந்து அரித்துப்போனது. பேட்டரியும் இதனால் பிழைக்கவில்லை. ஸ்டார்ட் செய்ய இழுத்த மின்சாரம்கூட அந்த ஐந்து நிமிடத்தில் திரும்பி ஏறாது. நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். என்னுடையது 9-க்கு இறங்கியிருந்தது. தானாக அளந்து சார்ஜ் ஏற்றும் கருவியை மாட்டி வைத்திருக்க வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிட்டு, எஞ்சினைத் தொடாமல் விடுவதே நல்லது.

பெட்ரோலில் மட்டும் தப்பித்தேன். நீண்ட நாள் நிறுத்துவதற்கு டேங்க் நிரம்பியிருப்பது நல்லது. காலி இடம் இருந்தால் ஈரம் படியும். கப்பல் நிறுவனங்களோ பொதுவாகக் கால் டேங்குக்கு மேல் அனுமதிப்பதில்லை. எரிபொருள் கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து டேங்கை நிரப்பினேன். ஏற்றுமதிக்கு முந்தைய வாரம் மெக்கானிக்கை வைத்து வடித்தேன். டயர்களில் காற்றைச் சற்றுக் கூட்டி வைத்ததும் பலன் தந்தது.

காகிதத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். கிடங்குக் காப்பீடு வாசலோடு முடிந்தது, கடல் காப்பீடு துறைமுகத்தில்தான் தொடங்கியது. கதவில் கீறல் விழுந்தது இடைப்பட்ட பாதையில். ஒப்படைக்கும் முன் தேதியோடு நான்கு பக்கமும் படம் எடுத்திருந்ததால்தான் வண்டியை ஏற்றிச்சென்றவர் பொறுப்பேற்றார். பாலிசி எந்த இடத்தில் தொடங்குகிறது, எந்த இடத்தில் முடிகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எஞ்சின் இன்று அருமையாக ஓடுகிறது. ஆனால் கிடங்கில் காரின் மேல் நான் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை உள்ளே ஈரத்தை அடைத்துவிட்டது. காற்றுப் புகும் துணி உறை போட்டிருக்கலாம். மழை நாளில் பின் இருக்கையிலிருந்து இன்னும் அந்த ஈர வாடை எழுகிறது. இந்த வாரம் தரைவிரிப்பைக் கழற்றி அடித்தகட்டைப் பார்க்கப்போகிறேன்.